எம் சைஸ் குடும்பம்

குடியிருக்காத வீட்டில் குடியிருப்பதாகப் பழி சுமந்து வந்த தம்பதியை முனீஸ் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

சாமியாத்தாளிடம் உதவியாளாகச் சேர்ந்த நாளிலிருந்து அவன் பார்க்காத வழக்கு கிடையாது. நூல் லோடு நடுவழியில் காணாமல் போன வழக்கு, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பின்தொடர்ந்த வழக்கு, பின்தொடர்ந்தபோது அந்த மாப்பிள்ளையே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்த வழக்கு என்று திருப்பூர் அவனுக்கு வகைவகையாகக் காட்டிவிட்டது. ஆனால், "எனக்கு வீடு இல்லைன்னு நிரூபிச்சுக் குடுங்க" என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தது புதுசு.

அவள் பெயர் பாண்டியம்மாள். ஒடிசலான உடம்பு, உரத்த குரல். கூட வந்த புருஷன் வீரணன் நேர் எதிர். ஜிப், பட்டன் விற்கும் கடையின் மாடியில் இருந்த அந்த ஆபீஸ் கதவில் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வந்தார். உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு முனகல் முனகியது. அதற்குப் பிறகு அவர் முனகக்கூட இல்லை.

"இவுக வாயத் தொறக்க மாட்டாக. நானே சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாள் பாண்டியம்மாள்.

கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரே பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர், அவள் செக்கிங். கல்யாணமானதிலிருந்து லைன் வீட்டில்தான் வாசம். வரிசையாகக் குடித்தனங்கள், கோடியில் பொதுக் குளியலறை, காலையில் வாளியோடு க்யூ. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். கதவைச் சாத்தினால், என்ன சண்டையா என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அதில் நொந்து நூலாகித்தான் பாண்டியம்மாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள். காங்கேயம் ரோட்டில் சின்னதாக ஒரு வீடு அமைந்தது. அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. மீதிக்கு வீட்டுக் கடன் கம்பெனியில் விண்ணப்பம் போட்டால், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

உங்கள் பெயரில்தான் ஏற்கெனவே வீட்டுக் கடன் ஓடுகிறதே, நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டின் மேல். இது உங்களுக்கு இரண்டாவது வீடு. இரண்டாவது என்றால் கைக்காசு நிறையப் போட வேண்டும், வட்டியும் கூடுதல், உங்கள் சம்பளத்துக்கு இரண்டு தவணை தாங்காது, போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டானாம்.

"நான் கேட்டேன், அந்த வீட்ல குளியலறை உள்ளயே இருக்கா தம்பின்னு. அவன் என்னைக் கிறுக்கச்சின்னு நெனச்சுட்டான்" என்றாள் பாண்டியம்மாள். சிரித்துக்கொண்டு சொன்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கடன் கைக்கு வராவிட்டால் காங்கேயம் ரோட்டு வீட்டை வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இதை விட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொரு வீடு அமையாது என்று அவள் நம்பினாள்.

முனீஸுக்கும் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அந்தப் பாசத்தில் வீரணனிடம் சொன்னான். "அண்ணே, உங்களுக்கே தெரியாம ஒரு வீடு இருக்குன்னா, வேற என்னென்ன இருக்குன்னு ஒரு தடவ நல்லாத் தேடிப் பாத்துருங்க."

வீரணன் அரண்டுபோய்ப் பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு முதல்முறையாக வாய் திறந்து, தன் முதலாளி அர்த்தநாரி தங்கமான மனுஷர், கேட்டால் அவரே உதவி செய்வார், இதையெல்லாம் பெரிதாக்க வேண்டாமே என்றார். பாண்டியம்மாள் பார்த்த பார்வையில் அந்த வாய் மறுபடி மூடிக்கொண்டது.

சாமியாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தொட்ட வயது, காட்டன் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. ஒரு காலத்தில் பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து, வெளிநாட்டு ஆர்டர்களைக் கட்டி மேய்த்தவள். சாயக்காரன் சொல்லும் பொய், தையல்காரன் சொல்லும் பொய், துணி வாங்கும் பையர் சொல்லும் பொய் எல்லாவற்றையும் நாள் முழுக்கக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்ததில், இதற்குத் தனியாகவே ஃபீஸ் வாங்கலாமே என்று தோன்றித் துப்பறியும் ஏஜென்சி தொடங்கிவிட்டாள்.

"கவலப்படாமப் போங்க கண்ணு. நீங்க குடியிருக்கற ஊட்டை நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று அவர்களை அனுப்பி வைத்தாள்.

அந்தக் கடன் கம்பெனியின் கிளை மேலாளர் ஆஷா. முன்பு ஒரு போலிப் பத்திர வழக்கில் சாமியாத்தாளின் கைங்கரியத்தைப் பார்த்தவள். அதனால் உட்கார வைத்து, காபி சொல்லி, கம்ப்யூட்டரைத் தட்டினாள். வீரணனின் பெயர், போட்டோ, ஆதார் எல்லாம் இருந்தன. மங்கலம் போகும் வழியில் ஒரு புது லேஅவுட்டில் வீடு. சொந்தக் குடியிருப்புக்கு என்று கடன். தவணை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கைபேசி எண் மட்டும் வீரணனுடையது அல்ல.

"திருடன் தவணை தவறாமக் கட்டுறானா? அப்ப நம்மள விட நல்லவனால்ல இருக்கான்" என்றான் முனீஸ். இன்னொருத்தன் பெயரில் வீடு வாங்கி, தன் காசையே கட்டுகிற அளவுக்கு ஒருவனுக்கு என்ன வேண்டுதல் என்று அவனுக்குப் புரியவே இல்லை.

ஆஷா சிரித்தாள். "ஒரே செங்கல், ஒரே சிமெண்ட்தாங்க. ஆனா அதுல நீங்க என்ன பண்ணப் போறீங்கங்கறதைப் பொறுத்துத்தான் நாங்க கடன் குடுக்கறோம். குடியிருக்கப் போறேன்னா குறைஞ்ச வட்டி, கைக்காசும் கொஞ்சம் போட்டாப் போதும். வாடகைக்கு விடப் போறேன்னா வேற மாதிரி. மெஷின் போட்டுக் கம்பெனி நடத்தப் போறேன்னா அது வீட்டுக் கடனே கிடையாது, வட்டி எங்கயோ போயிடும்."

"ஏன் அந்த ஓரவஞ்சனை?" என்று கேட்டான் முனீஸ்.

"குடியிருக்கறவன் சோத்தைக் குறைச்சாவது தவணை கட்டிருவான். தலைக்கு மேல இருக்கற கூரையாச்சே. கம்பெனிக்காரன் அப்படி இல்ல. நாலு ஆர்டர் போச்சுன்னா முதல்ல கைவிடறது இந்த மாதிரிக் கட்டடத்தைத்தான்."

ஆக, சொந்த பங்களா உள்ள எவனோ ஒருத்தன் மலிவு வட்டிக்காக, வீடே இல்லாத ஒருத்தன் பெயரில் ஒளிந்திருக்கிறான். முனீஸ் உடனே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். சாமியாத்தாள் அசையவில்லை. அந்தக் கைபேசி எண்ணுக்குக் கடன் கம்பெனி பெயரில் ஒரு செய்தி அனுப்பும்படி ஆஷாவிடம் சொன்னாள். நாளை காலை வீட்டைப் பார்வையிட ஆள் வருகிறது என்று.

"அக்கா, சொல்லிட்டுப் போனா எல்லாத்தையும் மாத்தி வச்சுருவான்ல?" என்று பதறினான் முனீஸ்.

"மாத்தி வெக்கட்டும். இன்னைக்குப் போனா நமக்குப் பூட்டுத்தான் தெரியும் கண்ணு. ஒரு நாள் டைம் குடுத்தா அவனே குடும்பம் நடத்திக் காட்டுவான். பொய் சொல்ல நேரம் குடுத்தாத்தானே, சொல்றவன் யாருன்னு பொய்யிலயே தெரியும்?"

மறுநாள் அவர்கள் போய் இறங்கியபோது, அந்த வீடு முனீஸை வாயடைக்க வைத்தது. அவன் வாயடைப்பது அபூர்வம். வாசலில் கோலம். கேட்டில் 'வீரணன் இல்லம்' என்று பலகை. படியருகே ஆண் செருப்பு, பெண் செருப்பு. தொட்டியில் துளசிகூட இருந்தது. வரவேற்பறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த கருப்பாத்தாள் என்கிற அம்மாள் எழுந்து வந்து, வாங்க சாமி வாங்க என்று குனிந்து கும்பிட்டாள். தான் சும்மா வீட்டு வேலைக்கு இருப்பதாகவும், வீட்டுக்காரர்கள் குண்டடத்தில் ஒரு கண்ணாலத்துக்குப் போயிருப்பதாகவும் பாடம் ஒப்பித்தாள்.

"வீரணன் ஆளு எப்படிம்மா இருப்பாரு?" என்று போகிற போக்கில் கேட்டான் முனீஸ்.

"நல்லா இருப்பாருங்க" என்றாள் கருப்பாத்தாள்.

சமையலறையில் பாத்திரம், பருப்பு, பாதி காலியான எண்ணெய்ப் புட்டி, ஃபிரிட்ஜில் தயிர். சுவரில் நாள் கிழித்த காலண்டர். குடும்பம் இருப்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று முனீஸ் நினைத்தான். ஒரே ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது. கேட்டதற்கு, அது சாமி ரூம், வீட்டுக்காரங்க இல்லாமல் திறந்தால் தெய்வக் குத்தம் என்று கருப்பாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கதவடி இடுக்கு வழியாகப் பஞ்சுத் தூசு மெல்ல எட்டிப் பார்த்தது. சாமி உள்ளே பஞ்சுமிட்டாய் சாப்பிடுகிறதா என்று முனீஸ் கேட்டான். அந்தம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

சாமியாத்தாள் சாமி ரூமைத் திரும்பியும் பார்க்கவில்லை. பின்பக்கம் போனாள். அங்கே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆண் பனியன், பெண்கள் போடுகிற டீ ஷர்ட், நரிப் படம் போட்ட ஒன்று, கோடு போட்ட ஒன்று என்று கொடி நிறைய. கருப்பாத்தாள் பார்க்காத நேரம் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு முனீஸைக் கூப்பிட்டு, தன்னைக் கொடியோடு சேர்த்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாள். துப்பறிய வந்த இடத்தில் எதற்கு இந்த ஆசை என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான்.

பக்கத்துப் பேக்கரியில் டீக்குச் சொல்லிவிட்டு முனீஸ் தன் தீர்ப்பைச் சொன்னான். யாரோ ஒரு குடும்பம் அங்கே நிஜமாகவே இருக்கிறது. வீரணன் பெயரில் வேறு எவனோ இருக்கிறான். ஆளைப் பிடித்துவிட்டால் கேஸ் முடிந்தது. சாமியாத்தாள் டீயை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"கொடியில என்ன பாத்த?"

"துணி."

"என்ன சைஸு?"

முனீஸ் விழித்தான். அவள் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். கழுத்துப் பட்டையில் எம். அடுத்ததில் எம். ஆண் துணியில் எம், பெண் துணியில் எம், நரியிலும் எம்.

"ஒரு ஊட்டுல புருசன், பொஞ்சாதி, வந்தவங்க போனவங்க எல்லாரும் ஒரே அளவாவா இருப்பாங்க? அதும் வீரணன் பேர்ல இருக்கற ஊட்டுல? அந்த மனுசன் எம் சைஸுல ஒரு கைய உட்டாப் பத்தாதா, துணி கிழியறதுக்கு" என்றாள் சாமியாத்தாள். "துணிக மேல மடிப்பு அப்படியே இருக்குது. தண்ணியே படல."

அப்போதுதான் முனீஸுக்கு உறைத்தது. ஊரே அறிந்த சங்கதி. புது டிசைன் வந்தால் பையர் பார்ப்பதற்கு முதலில் ஒரு சாம்பிள் தைத்து அனுப்புவார்கள். பெரியவர்கள் துணி என்றால் அது அநேகமாக எம் சைஸ்தான். சரி என்று தலையாட்டிய பிறகுதான் மற்ற அளவுகள் பிறக்கும். எந்தக் கம்பெனியின் சாம்பிள் அறையைத் திறந்தாலும் ஹேங்கரில் எம், எம், எம் என்று தொங்கும். குடும்பம் நடத்திக் காட்ட அவசரமாகத் துணி வேண்டும் என்றதும், அந்த ஆசாமி ஹேங்கரோடு அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். வேறு ஊர்க்காரனாக இருந்தால் வீட்டிலிருந்து பழைய வேட்டி புடவை கொண்டுவந்திருப்பான். துணியிலேயே பிறந்து துணியிலேயே வளர்ந்தவனுக்குத்தான் இந்தப் புத்தி போகும்.

"அடப்பாவி, ஒரு எக்ஸெல் போட்டிருந்தாத் தப்பிச்சிருப்பானே" என்று எதிரிக்காக வருத்தப்பட்டான் முனீஸ்.

அந்தச் சாம்பிள் யாருடையது என்று தெரிய வேண்டியதுதான் பாக்கி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பனியன் கம்பெனி கேட்டுக்கு வெளியே, புங்க மரத்தடியில் வீரணனும் பாண்டியம்மாளும் வந்து நின்றார்கள். போட்டோவைப் பார்த்ததும் பாண்டியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். எம் சைஸில் தன் புருஷனைக் கற்பனை செய்த சிரிப்பு அது. நரியைப் பார்த்ததும் சட்டென்று நின்றது.

"இந்த நரி எங்க கம்பெனி நரி. போன வாரந்தான் நான் செக் பண்ணுனேன். இன்னும் பையருக்கே போகலயே" என்றாள்.

வீரணன் முகத்தில் ரத்தம் வற்றியதை முனீஸ் பார்த்தான். சாம்பிள் அறைச் சாவி முதலாளி அர்த்தநாரியின் இடுப்பில்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததா. சாமியாத்தாள் மெதுவாக, முதலாளி எங்காவது கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினாரா என்று கேட்டாள். போன ஆவணியில் ஒரு நாள், பத்திர ஆபீஸுக்கு வா, சாட்சிக் கையெழுத்துப் போடணும் என்று காரில் கூட்டிப்போனாராம். ரேகை வைக்கச் சொன்னார்கள், வைத்தார். போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள், நின்றார். அப்புறம் கம்பெனி ஆபீஸில் வைத்து, பி.எஃப். பேப்பர் என்று ஒரு கட்டில் கையெழுத்து வாங்கினார்கள். முதலாளி நீட்டின காகிதத்தைப் படித்துப் பார்ப்பது மரியாதையா என்று அவர் படிக்கவில்லை. திரும்பி வரும்போது பிரியாணி வாங்கிக் கொடுத்தாராம்.

"பிரியாணி தின்னு வீடு வாங்குன ஒரே ஆளு நீங்கதாண்ணே" என்றான் முனீஸ்.

யாரும் சிரிக்கவில்லை. வீரணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டிருந்தா, தெரிஞ்சேகூடப் போட்டுருப்பேன். என்கிட்ட எதுக்கு மறைச்சாக?" என்று மட்டும் கேட்டார்.

உண்மை கையில் கிடைத்தால் கேஸ் ஜெயித்த மாதிரி என்றுதான் முனீஸ் அதுவரை நினைத்திருந்தான். அங்கேயே நின்று ஆஷாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அவள் சொன்ன பதில் தலையில் கல்லைப் போட்டது. ரேகை வீரணனுடையது, கையெழுத்து வீரணனுடையது. இதை மோசடி என்று எழுதினால், முதல் பெயராக ஏறுவது வீரணன் பெயர்தான். ஏமாந்தவர் என்று நிரூபித்து வெளியே வர வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை எந்தக் கடன் கம்பெனியும் அவரை வாசல்படி ஏற்றாது. உண்மையைச் சொன்னால் காங்கேயம் ரோட்டு வீடு மட்டுமல்ல, எந்த வீடுமே கிடையாது.

பாண்டியம்மாள் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நாங்க பொய்க்கும் வாழ முடியாது, உண்மைக்கும் வாழ முடியாதா?" என்றாள்.

சாமியாத்தாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். போனை வாங்கி ஆஷாவிடம் கேட்டாள். "ஏனுங்க மேடம், உங்க பேப்பர்ல மொத்தத்துல தப்பு எத்தன?"

எதிர்முனை யோசித்தது. பத்திரம் வீரணன் பெயரில் முறையாகப் பதிவாகியிருக்கிறது. தவணை ஒழுங்காக வருகிறது. வீரணன் அங்கே குடியிருக்கவில்லை என்பது ஒன்றுதான் தப்பு, மிச்சமெல்லாம் சரி என்றாள் ஆஷா.

"அந்த ஒண்ணத் திருத்திப்போட்டா?" என்றாள் சாமியாத்தாள்.

ஆஷா, தானே நேரில் வருவதாகவும், அர்த்தநாரியையும் வரச் சொல்லும்படியும் சொன்னாள். அந்தக் குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று முனீஸால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ, 'வீரணன் இல்லம்' வாசலில் எல்லோரும் கூடினார்கள். அர்த்தநாரி வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறோடு காரிலிருந்து இறங்கினார். கருப்பாத்தாள் பயந்துபோய் உள்ளே ஓடிவிட்டாள். அர்த்தநாரி கெட்டவர் மாதிரியே இல்லை. எல்லோருக்கும் கும்பிடு போட்டு, இளநி சாப்பிடறீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். ஆஷா, தான் ஆய்வுக்கு வந்திருப்பதாகவும் ஒரே ஒரு கேள்விதான் என்றும் சொன்னாள்.

"இந்த வீட்ல யாருங்க குடியிருக்காங்க?"

அர்த்தநாரி வீரணனைப் பார்த்தார். பாண்டியம்மாளைப் பார்த்தார். சாமியாத்தாள் கொடியிலிருந்து எடுத்து வந்திருந்த நரிப் பனியனை உதறி, வீரணனின் நெஞ்சில் அளவு வைத்துக் காட்டினாள். அது அந்த அகலத்தில் பாதிக்குக்கூட எட்டவில்லை. அர்த்தநாரி ஏற்றுமதிக்காரர். அதற்கு மேல் விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

முனீஸுக்கு அப்போதுதான் அக்கா விரித்த வலையின் அழகு புரிந்தது. யாருமே குடியில்லை, பூட்டின அறையில் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷன்தான் நடக்கிறது என்று சொன்னால், தொழிலாளி பெயரில் பொய் சொல்லிக் கடன் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். வீரணன்தான் குடியிருக்கிறார் என்று சொன்னால், சாவியை வீரணனிடம் கொடுத்தாக வேண்டும். மனுஷர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார்.

"ஊரெல்லாம் பண்றதுதானுங்க மேடம்" என்று மெதுவாக ஆரம்பித்தார் அர்த்தநாரி. "எம் பேர்ல ஏற்கெனவே ஊடு, குடோனு எல்லாம் இருக்குதுங்க. எம் பேர்ல கேட்டா வட்டி தாங்காதுன்னு... தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

"அது என் காதுல விழலீங்க. நான் கேட்டது, யார் குடியிருக்காங்கன்னு" என்றாள் ஆஷா.

அர்த்தநாரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். துடைக்க இன்னும் ஏதாவது இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தோற்றுப்போன குரலில், "வீரணன்தானுங்க" என்றார். இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து ஒன்றைக் கழற்றினார்.

வீரணன் கை நீட்டவில்லை. அவர் தலை குனிந்து நின்றார். கை நீட்டினது பாண்டியம்மாள். ஆனால் சாவியை வாங்குவதற்கு முன்னால், ஆஷா உட்பட யாருமே எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

"மொதலாளி, ஓசி வீட்ல எனக்குத் தூக்கம் வராது. காங்கேயம் ரோட்டு வீட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்கிருவேன். அதையும், கையில வச்சிருக்கறதையும் சேத்து உங்ககிட்டத் தந்துர்றோம். நீங்க போட்ட கைக்காசுல மிச்சம் என்ன உண்டோ, அத மெதுவாக் கழிச்சுக்கறோம். இனி தவணை எங்களுது. உங்க மெஷினு, டேபிள் எல்லாத்தையும் இன்னைக்கே அள்ளிக்கங்க."

அர்த்தநாரி அவளையே பார்த்தார். வீரணன் பக்கம் திரும்பி, நாளைக்கு வேலைக்கு வருவியா வீரணா என்று கேட்டார். வராவிட்டால் மதியத்துக்குள் நாலு கம்பெனி அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று முனீஸ் இடையில் புகுந்து ஞாபகப்படுத்தினான். யோசிச்சுச் சொல்றேன் என்றார் வீரணன். முதலாளியிடம் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்பது, பாண்டியம்மாள் திரும்பிப் பார்த்த வேகத்திலேயே தெரிந்தது.

சாமி ரூம் திறந்தது. உள்ளே சாமி இல்லை, அட்டைப் பெட்டிகளும் மெஷின்களும் அயர்ன் டேபிள்களும்தான் இருந்தன. கம்பெனி ஆட்கள் வந்து வேனில் ஏற்றினார்கள். ஒரு வடக்கத்திப் பையன் துளசித் தொட்டியையும் தூக்கப் போனான். பாண்டியம்மாள் அதட்டி வைக்கச் சொன்னாள். வேன் போனது, கார் போனது. கருப்பாத்தாள் ஆய்ந்த கீரையை அப்படியே கொடுத்துவிட்டு, மன்னிச்சுக்கங்க சாமி என்று போனாள்.

பாண்டியம்மாள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாள். ஒவ்வோர் அறையாக விளக்கைப் போட்டாள், அணைத்தாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் விழும் சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வாசலுக்கு வந்தாள். படியில் புருஷன், சாமியாத்தாள், முனீஸ், ஆஷா எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டாள்.

வீரணன் கதவருகே போனார். தட்டக் கை ஓங்கிவிட்டு, என்ன நினைத்தாரோ, இறக்கிக்கொண்டார். உள்ளேயிருந்து அழுகிற சத்தம் கேட்டது. முனீஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சாமியாத்தாள் அவன் காலை மிதித்தாள்.

சத்தம் அடங்கும்வரை ஆஷா காத்திருந்தாள். அப்புறம் கைப்பையைச் சரி செய்துகொண்டு, அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தத் தெருவுக்கு வருகிறவளைப் போல நிமிர்ந்து நின்று, காலிங் பெல்லை அழுத்தினாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஹவுசிங் லோன் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கோம்" என்றாள் ஆஷா. "வீட்டுக்காரங்க இருக்காங்களா?"

தாழ் விலகும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவி, தலையைக் கோதி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாண்டியம்மாள் நின்றாள்.

"நாந்தான். உள்ள வாங்க."